நீந்தி முடித்ததும் வரும் பசிக்கு என்ன சமைக்கிறீர்கள்?

அடையாறுவாசி

வணக்கம் நண்பர்களே. எனக்கு வயது 46, எடை 78 கிலோ. பெரியவர்களுக்கான காலை பேட்சில் 6 முதல் 7 வரை நீந்துகிறேன். போட்டிக்கெல்லாம் போகிற ஆள் இல்லை. முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் சேர்ந்தேன், இப்போது அது இல்லாமல் நாள் தொடங்குவதில்லை. மூச்சும் பிடிபட்டுவிட்டது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் நிற்காமல் 400 மீட்டர் போக முடிகிறது.

பிரச்சினை சாப்பாட்டில்தான். குளத்தை விட்டு ஏறி அரை மணி நேரத்தில் ஒரு பசி வருகிறது பாருங்கள், நடைப்பயிற்சி போன காலத்தில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. எங்கள் குழு நேராக டிபன் கடைக்குத்தான் போகும். நெய்ப்பொங்கல், இரண்டு வடை, மேலே ஒரு காபி. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் கண் சொருகுகிறது. எடையும் ஒரு கிலோகூட இறங்கவில்லை.

இறங்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டுமா? முடித்தபின் என்ன சாப்பிடலாம்? மனைவியும் வேலைக்குப் போகிறவர், அதனால் காலைச் சமையலை நானே செய்யத் தயார். சுலபமாக இருந்தால் போதும். பேட்சில் ஒருவர் புரோட்டின் பவுடர் வாங்கச் சொல்கிறார், அதைப்பற்றியும் சொல்லுங்கள்.

தாமிரபரணி

தம்பி, உங்கள் பசி கற்பனை இல்லை. குளிர்ந்த தண்ணீரில் உடற்பயிற்சி செய்தால் பிறகு அதிகம் சாப்பிடத் தோன்றும் என்பதை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆய்வு வெளிவந்தது 2005இல். ஆட்களைத் தண்ணீருக்குள் உட்காரவைத்து சைக்கிள் மிதிக்க விட்டார்கள், ஒருமுறை 20 டிகிரி தண்ணீரில், இன்னொருமுறை 33 டிகிரி தண்ணீரில். இரண்டிலும் செலவான சக்தி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் குளிர்ந்த தண்ணீரிலிருந்து வெளியே வந்தபின் 44 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம்மூர்க் குளங்கள் 20 டிகிரிக்கு இறங்குவதில்லை என்றாலும், மார்கழி விடியலில் திறந்தவெளிக் குளத்தில் நீந்துகிற யாருக்கும் இது புரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் எடையில் ஒருவர் ஒரு மணி நேரம் நிற்காமல் நிதானமாக நீந்தினால் சுமார் 450 கலோரி செலவாகும். ஆனால் பெரியவர்கள் பேட்சில் யார் ஒரு மணி நேரம் நிற்காமல் நீந்துகிறார்கள்? சுவரைப் பிடித்து மூச்சு வாங்குவது, பக்கத்து லேனில் இருப்பவரிடம் பேசுவது எல்லாம் கழிந்தால் 250, 300தான் தேறும். ஒரு தட்டு நெய்ப்பொங்கலும் இரண்டு வடையும் 600 வரை போகும். எடை இறங்காததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நான் மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதில் ஆற்றில் நீந்திப் பழகினேன், இப்போது குளத்தில். நீந்துகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பசி வந்தபிறகு என்ன சாப்பிடலாம் என்று யோசிக்காதீர்கள். அந்த நேரத்தில் யாராலும் சரியாக யோசிக்க முடியாது. தண்ணீரில் இறங்கும்போதே உங்கள் டிபன் பையில் தயாராக இருக்க வேண்டும். புரதமும் நார்ச்சத்தும் உள்ளதாக இருக்க வேண்டும், படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும்படி இருக்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது பச்சைப்பயறு தோசை. ஒரு டம்ளர் முழுப்பயறு, ஒரு கைப்பிடி பச்சரிசி. முந்தின நாள் காலையில் ஊறப்போட்டு, மாலையில் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம், உப்பு சேர்த்து அரையுங்கள். புளிக்க வேண்டிய வேலையே இல்லை, நேரே ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஐந்து மணிக்கு எழுந்து மூன்று தோசை வார்த்தால் பத்து நிமிடம். ஒரு டம்ளர் பயறில் எட்டு தோசை வரும், ஒவ்வொன்றிலும் ஆறு கிராம் புரதம் இருக்கும். மூன்று இட்லியில் மொத்தமே ஆறு கிராம்தான். ஆறினாலும் வறண்டு போகாமல் இருக்க, மாவில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோ துருவிய சுரைக்காயோ கலந்துகொள்ளுங்கள்.

விடியல்நீச்சல்

அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இறங்கும் முன் சாப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் எப்போதும் வெறும் வயிற்றில்தான் நீந்துவேன். அப்போதுதான் உடம்பில் இருக்கும் கொழுப்பு கரையும். சாப்பிட்டுவிட்டு இறங்கினால் கால் இழுத்துக்கொள்ளும் என்று எங்கள் தாத்தா குளத்தங்கரையிலேயே சொல்லித்தான் வளர்த்தார்.

தாமிரபரணி

ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் நிதானமாக நீந்த வெறும் வயிறு போதும், அதில் தப்பில்லை. முந்தின இரவுச் சாப்பாட்டின் சக்தி தசையில் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரிவதால் எடை தனியாகக் குறைந்துவிடாது. நாள் முழுவதும் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது. வெறும் வயிற்றில் நீந்திவிட்டு எட்டு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிடுகிறவருக்கு, ஐந்தரைக்கு ஒரு வாழைப்பழம் சாப்பிடுவது உண்மையிலேயே உதவும். பாதி பசி முன்னாடியே அடங்கிவிடும்.

கால் இழுப்பது பற்றி: சாப்பிட்டபின் நீந்தினால் மூழ்கிவிடுவோம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு 2011இல் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. கெண்டைக்காலில் குரக்களி பிடிப்பது பெரும்பாலும் தசை களைத்துப் போவதாலும், உதைக்கும்போது பாதத்தை நீட்டியே வைத்திருப்பதாலும் வருகிறது. பிடித்தால் சுவரைப் பற்றிக்கொண்டு கால்விரல்களை முழங்காலை நோக்கி இழுங்கள், விட்டுவிடும்.

ஆனாலும் உங்கள் தாத்தா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நிறைய சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்து நீந்தினால் வயிற்றில் உள்ளது மேலே எதுக்களிக்கும். எண்ணெய்ப் பலகாரம் என்றால் நெஞ்செரிச்சலும் சேரும். முழுச் சாப்பாட்டுக்கும் நீச்சலுக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரண்டு இட்லி என்றால் ஒரு மணி நேரம். வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம், ஒரு துண்டு கடலைமிட்டாய் போன்றவற்றுக்கு அரை மணி போதும்.

மதுரைமருத்துவர்

வெறும் வயிறு பற்றிய பேச்சில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சேர்க்கிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் மேலே சொன்னதைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். இவர்களுக்கு நீந்தும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் தண்ணீர்தான். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், நடுக்கம் வரும். தரையில் உடனே தெரிந்துவிடும். குளத்தில் வியர்வை தெரியாது, நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்துவிடுவோம். அடுத்து வருவது குழப்பமும் மயக்கமும். அதுவும் ஆழமான பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளத்துக்குக் கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் அந்த அளவு இருக்கிறது. 70க்குக் கீழே என்றால் இறங்கவே வேண்டாம்; 15 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். குளக்கரையில் கைக்கு எட்டும் இடத்தில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். உயிர்காப்பாளரிடம் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லி வையுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றுவது உங்கள் மருத்துவர் வேலை, நீங்களாகச் செய்யாதீர்கள்.

மட்டுறுத்துநர்

மருத்துவர் ஐயாவின் பதிவை இழையின் மேலே பொருத்தி வைத்திருக்கிறேன். சர்க்கரை உள்ள உறவுகள் முதலில் அதைப் படியுங்கள்.

ஜிம்அண்ணாச்சி

பவுடர் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேசுகிறேன். 78 கிலோ ஆளுக்கு, அதுவும் உடற்பயிற்சி செய்கிற ஆளுக்கு, 100 கிராம் புரதமாவது வேண்டும். நம் சாப்பாட்டில் அது வராது. காலை இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை. எல்லாம் அரிசி. ஒரு கரண்டி பவுடரில் 24 கிராம் வருகிறது, கலக்கிக் குடிக்க ஒரு நிமிடம். நேரம் இல்லாதவருக்கு இதைவிட எளிதான வழி என்ன இருக்கிறது?

தாமிரபரணி

அண்ணாச்சி, எல்லாம் அரிசி என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது: தானியத்திலிருந்து வரும் சக்தி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பருப்பும் காய்கறியும் கூட வேண்டும். நோய் எது என்பதில் நாம் ஒத்துப்போகிறோம். மருந்தில்தான் வேறுபடுகிறோம்.

சாதாரணப் பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 78 கிலோவுக்கு 65 கிராம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசை குறையாமல் இருக்க 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது. நூறு கிராம் என்பது தினமும் கடுமையாகப் பயிற்சி செய்கிற விளையாட்டு வீரர்களுக்கான அளவுக்குப் பக்கத்தில் வருகிறது. காலையில் ஒரு மணி நேரம் நிதானமாக நீந்துகிறவர் அதை எட்ட வேண்டிய அவசியம் இல்லை.

சைவச் சாப்பாட்டிலேயே கூட்டிப் பார்ப்போம். காலை மூன்று பயறு தோசை, 18 கிராம். மதியம் சாதத்தில் 5, ஒரு கிண்ணம் கெட்டியான பருப்பில் 9, ஒரு கிண்ணம் தயிரில் 7. மாலை ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 8, ஒரு டம்ளர் பாலில் 6. இரவு இரண்டு சப்பாத்தியில் 6, கொண்டைக்கடலைக் குருமாவில் 8. மொத்தம் 67 வந்துவிட்டது. முட்டை சாப்பிடுகிறவர் இரண்டு முட்டை சேர்த்தால் 79. பவுடர் எங்கே தேவைப்பட்டது? சாம்பார் என்ற பெயரில் புளித்தண்ணீர் ஊற்றாமல், பருப்பு அள்ளிப் போடுகிறமாதிரி சமைத்தாலே போதும்.

ஜிம்அண்ணாச்சி

கணக்கு சரிதான் அக்கா. ஆனால் இதைத் தினமும் சமைக்க வீட்டில் ஆள் வேண்டுமே. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்கு நான் இன்னும் பவுடர்தான் சொல்வேன். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அதனால் கெடுதல் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிம எண் உள்ளதா, சர்க்கரை எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

டப்பா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மால்ட் சத்துபான மாவை நீச்சல் முடித்துப் பாலில் கலந்து குடிப்பவர்கள் நிறையப் பேர். அதில் சர்க்கரை அதிகம். 2024 ஏப்ரலில் மத்திய அரசே அந்த வகைப் பானங்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. பவுடரைத் திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் திட்டுங்கள்.

கொங்குத்தமிழன்

அறையில் தனியாக இருக்கும் பையன்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது: அரிசியும்பருப்பு சாதம். ஒரே குக்கர், ஒரே கரண்டி, இருபது நிமிடம். எண்ணெயில் கடுகு, சீரகம், நசுக்கிய பூண்டு, மிளகு, கீறிய சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, மஞ்சள்தூளும் சாம்பார்த்தூளும் போட்டு, கழுவிய அரிசியையும் துவரம்பருப்பையும் கொட்டி, மூன்று விசில் விட வேண்டும். வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு போடுவார்கள். நீந்துகிறவர்கள் பருப்பை அரை டம்ளராக ஏற்றிக்கொள்ளுங்கள், தண்ணீரும் அதற்குத் தக்கபடி கூட வேண்டும். ருசி கெடாது, எனக்குக் கேட்டால் கூடத்தான் செய்கிறது. மேலே ஒரு கரண்டி தயிர், சுட்ட அப்பளம். ஹாட்பாக்ஸில் போட்டுக் குளத்துக்கு எடுத்துப் போனால் எட்டு மணிக்கும் சூடாக இருக்கும்.

அப்புறம் சுண்டல். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கொண்டைக்கடலை ஊறவைத்து, உப்புப் போட்டு வேகவைத்து, ஆறியதும் ஆறு சின்ன டப்பாவில் பிரித்து ஃபிரீசரில் வைத்துவிடுவேன். முந்தின இரவு ஒன்றைக் கீழே இறக்கினால் காலையில் தாளிக்கிற வேலை மட்டும். வெங்காயம், மாங்காய், எலுமிச்சை பிழிந்து தாளிக்காமலே சாப்பிடலாம்.

ஈசூன்வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே பொதுக் குளங்களில் தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதனால் எனக்கு அடையாறுவாசி சொல்கிற அகோரப் பசியை விடத் தாகம்தான் பிரச்சினை. தண்ணீருக்குள் இருந்தாலும் வியர்க்கிறது. உடம்பு நனைந்தே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. நீந்துவதற்கு முன்னும் பின்னும் துடைத்துக்கொண்டு எடை பார்த்தால் அரைக் கிலோ குறைந்திருப்பது தெரியும், அது முழுக்கத் தண்ணீர். லேன் ஓரத்தில் ஒரு பாட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதை எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தாகத்தைப் பசி என்று எண்ணிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

ஒரு மணி நேரத்துக்கு விளையாட்டுப் பானம் தேவையே இல்லை. வெறும் தண்ணீர் போதும். இங்கே 2022 டிசம்பர் கடைசியிலிருந்து பானங்களுக்கு நியூட்ரிகிரேடு என்று ஏ முதல் டி வரை தரம் போட்டிருக்கிறார்கள். 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. அதைப் பார்க்கத் தொடங்கியபின் டப்பாப் பானங்களை எடுக்கவே கை வருவதில்லை. உணவங்காடியில் தே ஓ கோசோங் என்று கேட்டால் சர்க்கரையும் பாலும் இல்லாத தேநீர் கிடைக்கும்.

சமைக்க முடியாத நாளில் நான் வாங்குவது மீன் சூப், அல்லது சூப்பில் போட்ட யோங் தாவ் ஃபூ. டோஃபு, கீரை, காளான் என்று நாமே எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுக்கலாம். சூப்பில் உப்பு அதிகம், அதை முழுவதும் குடிப்பதில்லை. வெளியே சாப்பிட்டாலும் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

விடியல்நீச்சல்

தண்ணீருக்குப் பதில் இளநீர் குடிக்கலாமா?

தாமிரபரணி

தாராளமாகக் குடியுங்கள். ஆனால் வியர்வையில் அதிகம் போவது சோடியம், இளநீரில் அதிகம் இருப்பது பொட்டாசியம். சித்திரை வெயிலில் நன்றாக வியர்த்தவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் இன்னும் பொருத்தம். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

ராத்திரிலேன்

எல்லோரும் காலை பேட்சாகவே இருக்கிறீர்கள். நான் வேலை முடித்து இரவு 7.30க்கு இறங்குகிறேன். வீட்டுக்கு வர ஒன்பது. அந்த நேரத்துப் பசியில் பரோட்டாக் கடையைத் தாண்டி வருவது பெரிய சோதனை. வீட்டுக்கு வந்தாலும் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகிறது. உங்கள் டிபன் பை யோசனை எனக்கு எப்படிப் பொருந்தும்?

கொங்குத்தமிழன்

உங்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் நண்பரே. இரவுச் சாப்பாட்டை இரண்டாக உடையுங்கள். அலுவலகத்தில் ஐந்தரை, ஆறு மணிக்கே ஒரு டப்பா சுண்டல், ஒரு பழம். அதுதான் உங்கள் சாப்பாட்டில் பெரிய பாதி. குளத்திலிருந்து வந்ததும் சின்னப் பாதி: கொஞ்சம் ரசம் சாதமும் இரண்டு முட்டைப் பொடிமாசும். முட்டை வேண்டாம் என்றால் கோதுமை ரவைக் கிச்சடி, பீன்ஸ், கேரட், பட்டாணி அள்ளிப் போட்டு. ரசத்தையும் சாதத்தையும் காலையிலேயே வைத்துவிட்டு, சாதம் ஆறியதும் ஃபிரிட்ஜில் போட்டுவிடுங்கள், இரவு சுடவைத்தால் போதும். குளித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் தட்டு முன்னால் உட்காரலாம்.

பரோட்டாவை விரோதியாகவும் பார்க்க வேண்டாம். மாதத்தில் ஒருநாள் குழுவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நீச்சல் குழு என்பதே பாதி நட்புதான்.

மல்லிகைத்தோட்டம்

எனக்கு 54 வயது. மாதவிடாய் நின்றுவிட்டது. நீச்சல்தான் எனக்குத் தெரிந்த ஒரே உடற்பயிற்சி. போன மாதம் எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் குறைவு என்று வந்திருக்கிறது. இத்தனை நீந்தியும் ஏன் இப்படி என்று மனசு சங்கடமாக இருக்கிறது. சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

மதுரைமருத்துவர்

அம்மா, நீச்சல் உங்கள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மூட்டுக்கும் செய்த நன்மை எங்கும் போகவில்லை. ஆனால் எலும்பு வலுப்பட அதன்மேல் பாரம் விழ வேண்டும். தண்ணீர் நம் உடல் எடையைத் தாங்கிக்கொள்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு நீச்சல் சுகமாக இருப்பதற்கும், எலும்புக்கு அது போதாமல் போவதற்கும் காரணம் இந்த ஒன்றேதான். நீச்சலை விடாதீர்கள். கூடவே வேகமான நடை, படி ஏறுவது, லேசான எடை தூக்குவது இவற்றைச் சேருங்கள். எவ்வளவு என்பதை உங்கள் எலும்பு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு நம் நாட்டுப் பரிந்துரை நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள். ஆறு மணிக்கு முன் நீந்திவிட்டுத் திரும்புகிறவர்களுக்கும், கூரை போட்ட குளத்தில் நீந்துகிறவர்களுக்கும் வெயிலே படுவதில்லை.

தாமிரபரணி

சமையல் பக்கத்தை நான் சொல்கிறேன் மல்லிகை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அது இல்லை என்றே சொல்லலாம். கேழ்வரகுக் கூழ் நீச்சலுக்குப் பின் சாப்பிட அருமையான பொருள். முந்தின நாள் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசியை வேகவிட்டு, அதில் மாவை ஊற்றிக் கிண்டி, ஆறியதும் உருண்டை பிடித்து வையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, உப்பு, சின்ன வெங்காயம். மோரிலும் கால்சியம் உண்டு. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வேண்டாம், உப்பு மிகையாகும். முருங்கைக்கீரைப் பொரியல் வைத்துக்கொள்ளுங்கள். எள்ளுப்பொடி, ஒரு டம்ளர் பால், முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன். இவ்வளவும் ஒரே நாளில் வர வேண்டியதில்லை, ஆனால் தினமும் குறைந்தது மூன்று வரட்டும்.

இன்னொன்று. பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது, லேன் பாதியில் மூச்சு வாங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடவே வேண்டும். டிபனோடு காபி, டீ குடித்தால் அது சேராமல் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கீரிமலை

யாழ்ப்பாணத்தில் இருந்து. நாங்கள் சனி, ஞாயிறில் கீரிமலைக் கேணியில் நீந்துவோம். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர். நீந்தி வந்தால் எங்கள் வீட்டில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும்தான் (துருவிய தேங்காயைத்தான் சொல்கிறேன்), கூட ஒரு சம்பல். பயறை இரவே ஊறப்போட்டால் காலையில் அவிய அதிக நேரம் எடுக்காது. சில நாள் இலைக்கஞ்சி: வல்லாரையை அரைத்துப் பிழிந்து, சிவப்பரிசிக் கஞ்சியில் விட்டு, இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்ப்பால். தேங்காயைக் கணக்காகப் போட வேணும், இல்லாவிட்டால் கொழுப்பு கூடிவிடும்.

தாமிரபரணி அக்கா முள்ளோடு சாப்பிடும் மீன் என்றீர்கள். நாங்கள் சூடையைச் சொதி வைப்போம், ஆனால் முள்ளை எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவது. முள் மெத்தென்று ஆக வேறு வழி இருக்கிறதா?

காசிமேடு

மீன் பேச்சு வந்ததால் நான் வருகிறேன். நீந்துகிறவர்களுக்கு மத்தியைவிட நல்ல மீன் கிடையாது. நூறு கிராமில் 20 கிராம் புரதம், ஒமேகா 3 கொழுப்பு, வைட்டமின் டி எல்லாம் அதில் இருக்கிறது, விலையும் வஞ்சிரத்தில் சிறு பங்குதான். விலை மலிவு என்பதாலேயே அதைக் கீழாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குளங்களில் கூட்டம் அலைமோதுகிற கோடைக்காலமும் அதுவே. அப்போது நாட்டுப்படகு மீன் கொஞ்சமாகத்தான் வரும், விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் முட்டை, பயறு பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். கருவாட்டை அதற்கு ஈடாக வைக்காதீர்கள், உப்பு ரொம்பவே அதிகம்.

கீரிமலை நண்பருக்கு: வழி இருக்கிறது. மத்தியோ சூடையோ, செதில், தலை, குடல் எடுத்துக் கழுவி, குக்கரின் அடியில் வெங்காயத்தைப் பரப்பி அதன்மேல் அடுக்குங்கள். கெட்டியான புளிக்கரைசல், மிளகு, மஞ்சள்தூள், பூண்டு, கொஞ்சம் நல்லெண்ணெய், மீன் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். ஒரு விசில் வந்ததும் தீயை மிகவும் குறைத்து முக்கால் மணி நேரம் விடுங்கள். நடுமுள் விரலால் நசுக்கினால் பொடியாகும். முள்ளில் உள்ள கால்சியமும் வீணாகாது.

கீரிமலை

நல்லது அண்ணா. அவ்வளவு நேரம் வைத்தால் அடிப்பிடிக்காதா? எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

காசிமேடு

தண்ணீர் மீனுக்கு மேல் ஒரு விரல் நின்றால் பிடிக்காது. மெல்லிய அலுமினியக் குக்கர் என்றால் அடியில் தோசைக்கல்லை வைத்து அதன்மேல் குக்கரை வையுங்கள். ஆவி தானாக அடங்கியபின் திறக்க வேண்டும், அவசரப்பட்டால் மீன் உடைந்துவிடும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மறுநாள் புளி இறங்கி இன்னும் ருசியாக இருக்கும். நீந்திவிட்டு வந்து சூடான சாதத்திலோ, உங்கள் ஊர்ப் புட்டிலோ போட்டுப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள், கூட ஒரு கீரை மட்டும் இருந்தால் போதும்.